நித்தியகல்யாணி: பெயரும் தொன்மையும்

ஆண்டு முழுதும் பூப்பதால் நித்தியகல்யாணி எனப் பெயர் பெற்ற செடி, இடுகாடுகளில் மிகுதியாக வளர்வதால் சுடுகாட்டு மல்லி என்றும் வழங்கப்படுகிறது. மங்கலமும் அமங்கலமும் ஒரு செடியின் பெயர்களிலேயே அமைந்துள்ளமை நோக்கத்தக்கது. இந்தியில் சதாபஹார் என்றும் வங்கத்தில் நயன்தாரா என்றும் இது வழங்கும். இவ்வாறு மொழிதோறும் பெயர் வேரூன்றியிருப்பது கொண்டு இதனை இந்நாட்டுத் தொல்செடி எனக் கருதுதல் பொருந்தாது. இதன் தாயகம் மடகாஸ்கர் தீவாகும். ஆதலின், குறிஞ்சிப்பாட்டு அடுக்கிக் கூறும் மலர்களுள் இதனைத் தேடுதல் பயனற்றது.

1759இல் லின்னேயஸ் இதற்கு வின்கா ரோசியா எனப் பெயரிட்டார். இன்று தாவரவியலார் காதராந்தஸ் ரோசியஸ் என்பர். ஜமைக்கா மக்கள் நீரிழிவுக்குப் பயன்படுத்திய இதன் இலையைக் கனடாவில் ராபர்ட் நோபல், சார்லஸ் பீர் ஆகியோர் ஆராய்ந்தனர். ஆய்வு எலிகளின் குருதியில் சர்க்கரை குறையவில்லை, வெள்ளணுக்களே குறைந்தன. அதன் வழியே 1958இல் வின்பிளாஸ்டின் என்னும் புற்றுநோய் மருந்து அறியப்பட்டது. பின்னர் வந்த வின்கிரிஸ்டின் குழந்தைகளின் குருதிப் புற்றுநோய்க்கு மருந்தாயிற்று. தாவரவியல் கைவிட்ட ‘வின்கா’ இம்மருந்துப் பெயர்களில் இன்றும் வாழ்கிறது.

பெயர் ஒரு செடியின் வயதைக் காட்டுவதன்று. அதனை மக்கள் கண்ட கண்ணைக் காட்டுவது. தாவரப் பெயராய்வில் ஈடுபடுவோர் இவ்வேறுபாட்டை மனங்கொள்ளல் வேண்டும்.