கரண்டியின் பின்னால் ஒரு சிங்கம்



போன மாதம் நான் ஒரு தவறு செய்துவிட்டேன். வகுப்பறை என்றால் கரும்பலகையை அழித்துவிட்டு மறுபடி எழுதியிருப்பேன். இப்போது இந்தப் பதிவுதான் எனக்குக் கரும்பலகை.

அமெரிக்காவில் இருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் (1991, எட்டாம் வகுப்பு, ஜன்னலோர பெஞ்சு) வாட்ஸ்அப்பில் ஒரு வெள்ளிக் கரண்டியின் படத்தை அனுப்பினான். பக்கத்து வீட்டுப் பாட்டியம்மா காலமான பிறகு, பேத்தி இவனுக்கு ஞாபகமாகக் கொடுத்ததாம். "டீச்சர், இது யார் செய்தது? அந்தப் பெண்ணும் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறாள்" என்று கேட்டிருந்தான்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். காம்பின் பின்புறம் வரிசையாக மூன்று சின்னங்கள்: நடக்கும் சிங்கம், நங்கூரம், பழைய எழுத்துருவில் 'ஜி' என்ற ஆங்கில எழுத்து. உடனே பதில் போட்டேன்: "இங்கிலாந்துக் கரண்டி. சிங்கம் தூய வெள்ளிக்கு, நங்கூரம் பர்மிங்காம் நகரத்துக்கு, 'ஜி' ஆண்டைக் குறிக்கும் எழுத்து." பர்மிங்காமில் 1773இல் சோதனைச் சாலை தொடங்கியதிலிருந்து நங்கூரம்தான் அவர்கள் முத்திரை. அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. அந்தப் பெண்ணும் தன் முன்னோர் கப்பலில் கொண்டுவந்தது என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாளாம்.

இரண்டு நாள் கழித்து உறுத்தியது. இங்கிலாந்துச் சாமான் என்றால் செய்தவரின் முதலெழுத்துகளும் இருக்க வேண்டுமே! அது எங்கே? இன்னொரு படம் கேட்டேன். அதில் சின்னங்களுக்குப் பக்கத்தில் 'ஸ்டெர்லிங்' என்று எழுத்தாலேயே பொறித்திருந்தது. இங்கிலாந்தில் பொதுவாக அப்படி எழுதுவதில்லை. அங்கே சிங்கமே அதைச் சொல்லிவிடும்.

அப்போதுதான் விளங்கியது. அமெரிக்காவில் இங்கிலாந்தைப் போல நாடு முழுவதற்குமான சோதனை முறை ஏற்படவே இல்லை. பால்டிமோர் நகரில் மட்டும் 1814 முதல் சில காலம் இருந்தது. மற்ற ஊர்களில் தட்டான் தன் பெயரையோ முதலெழுத்தையோ தானே அடித்துக்கொள்வார். பாஸ்டனின் பால் ரிவியர் தன் குடும்பப் பெயரை ஒரு சிறு செவ்வகத்துக்குள் அடித்தார். அந்தப் பெயருக்கு இருக்கும் மதிப்பால் போலி ரிவியர் முத்திரைகளும் ஏராளம். சிலர் இங்கிலாந்து முத்திரை மாதிரியே தோன்றும் கழுகு, நட்சத்திரம், தலை உருவங்களை அடித்தார்கள். வாங்குபவருக்கு நம்பிக்கை வரட்டும் என்றுதான்!

வெள்ளியும் வேறு. நாணயங்களை உருக்கிச் செய்ததால் 'காயின்' வெள்ளி என்பார்கள். 1837க்குப் பிறகு அது ஆயிரத்துக்கு 900 பங்கு. ஸ்டெர்லிங் 925 பங்கு.

சிங்கம், நங்கூரம், 'ஜி' மூன்றும் சேர்ந்தால் அது கோரம் நிறுவனம். ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரம். நங்கூரம் அந்த மாநிலத்தின் சின்னம். 'ஜி' கோரத்தின் முதலெழுத்து. 1831இல் ஜேபஸ் கோரம் கரண்டி செய்துதான் தொழிலைத் தொடங்கினார். அவர் மகன் ஜான் நீராவி எந்திரங்களைக் கொண்டுவந்தார். அவர்கள் ஸ்டெர்லிங் தரத்துக்கு மாறியது 1868இல். ஆகவே கரண்டி அதற்குப் பிந்தியது. காம்பின் வளைவுகளை வைத்துப் பார்த்தால் 'ஷான்டிலி' என்ற வடிவம், 1895இல் வந்தது. முன்னோரின் கப்பலுக்கு இடமில்லை.

ஒரே ஆறுதல், அதை வரைந்த வில்லியம் காட்மன் இங்கிலாந்துக்காரர். 1891இல் பிராவிடன்ஸ் வந்தவர். என் மானத்தில் பாதி தப்பியது.

காம்பின் முன்புறம் மூன்று எழுத்துகள் இருந்தன. அவன் அதைத்தான் செய்தவர் பெயர் என்று நினைத்திருக்கிறான். அது உரிமையாளர் பெயர், நம் வீட்டு எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டுவதைப் போல. பாட்டியம்மாவின் அம்மாவுடைய எழுத்துகளாக இருக்குமோ என்று விசாரிக்கச் சொன்னேன். பொருந்தியது!

ஆனால் "யார் செய்தது?" என்ற அவன் கேள்விக்கு நான் இன்னும் முழுப் பதில் சொல்லவில்லை. எஃகு அச்சு வெட்டியவர், எந்திரத்தில் அடித்தவர், மெருகேற்றியவர் என்று பல கை பட்டிருக்கும். முத்திரையோ நிறுவனத்துடையது. எந்திரம் வருவதற்கு முன்பும் இப்படித்தான். தெற்கே சார்ல்ஸ்டன் நகரில் 18ஆம் நூற்றாண்டில் அலெக்சாண்டர் பெட்ரி என்ற வெள்ளித் தட்டான் இருந்தார். அவர் பட்டறையில் ஆபிரகாம் என்ற அடிமையும் தேர்ந்த வெள்ளி வேலைக்காரர். பட்டறைச் சாமானில் விழுந்தது முதலாளியின் முத்திரை. இன்று அருங்காட்சியகத்தில் இருக்கும் பெட்ரி சாமான்களில் எது ஆபிரகாம் தட்டியது என்று முத்திரையைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. பிலடெல்பியாவில் வேலை செய்த பீட்டர் பென்ட்சன், ஆப்பிரிக்க வம்சாவளியில் வந்த சுதந்திர மனிதர், தன் பெயரைத் தானே பொறித்தார். அதனால்தான் அவர் செய்தவற்றை இன்று அடையாளம் காண முடிகிறது.

இதையெல்லாம் எழுதி அனுப்பினேன், மன்னிப்போடு. அந்தப் பெண்ணுக்கு முதலில் கொஞ்சம் ஏமாற்றம்தானாம். பிறகு கொள்ளுப்பாட்டி எந்தக் கடையில் வாங்கியிருப்பார் என்று தேட ஆரம்பித்துவிட்டாளாம். இவன் டிசம்பரில் ஊருக்கு வருகிறான். கரண்டியைக் கொண்டுவா, இந்த முறை பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.