ஒற்றனுக்கு ஏது சட்டம்?

எங்கள் பட்டாபிராமில் ராணுவத்தின் பெயரில் ஒரு ரயில் சைடிங் உண்டு. அந்த ராணுவத்துக்கு 1950-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் இருக்கிறது. போலீசுக்கும் 1859-இன் மாவட்டப் போலீஸ் சட்டம் தொடங்கிச் சட்டங்கள் உண்டு. மத்திய உளவுத்துறையான ஐ.பி.க்கு? கிடையாது. 1887-இல் காலனிய அரசு போட்ட நிர்வாக உத்தரவுதான் அதன் பிறப்புச் சான்றிதழ். காங்கிரஸ்காரரையும் கம்யூனிஸ்டையும் வேவு பார்த்த அமைப்பு 1947-இல் எஜமானரை மாற்றிக்கொண்டது, அவ்வளவுதான். 1968-இல் பிறந்த ‘ரா’வும் சட்டத்தால் பிறந்ததல்ல.

அமெரிக்காவில் 1975-இல் சர்ச் குழு சி.ஐ.ஏ.வை விசாரித்தது, மறுவருடமே செனட்டில் நிரந்தரக் கண்காணிப்புக் குழு வந்தது. பிரிட்டனில் அத்தகைய குழுவுக்கு 1994-இல் சட்டம் வந்தது. இங்கே நெருக்கடி நிலைக்குப் பின் ஷா கமிஷன் வந்தது, ஐ.பி.யைக் கட்டுப்படுத்தும் சட்டம் வரவில்லை. 2011-இல் மனீஷ் திவாரி கொண்டுவந்த தனிநபர் மசோதாவும் சட்டமாகவில்லை.

நாடாளுமன்றம் சும்மா இருந்துவிடவில்லை. 1985-இன் சட்டம் உளவுத்துறை ஊழியர் சங்கம் வைப்பதையும் பத்திரிகையிடம் பேசுவதையும் தடுக்கிறது. 2005-இன் தகவல் உரிமைச் சட்டம், 24-ஆம் பிரிவு: ஊழல், மனித உரிமை மீறல் புகார் நீங்கலாக இவர்களிடம் எதையும் கேட்க முடியாது. இவை அவர்களிடமிருந்து நம்மைக் காப்பவையல்ல. நம்மிடமிருந்து அவர்களைக் காப்பவை.

கண்காணிப்பு பற்றி ஃபூக்கோவை வைத்து நிறையப் பேசிவிட்டோம். கூட்டத்தின் பின்வரிசையில் குறிப்பெடுப்பவரைக் கண்டுபிடித்துக் கிண்டலடிப்பதோடு நமக்குத் திருப்தி. ஐ.பி.யோ கியூ பிராஞ்சோ, அந்தக் குறிப்பு எங்கே போகிறது? பொய்யென்றால் அழிப்பது யார்? இதைக் கேட்கும் அதிகாரம் மக்கள் பிரதிநிதிகளுக்கே இல்லாதபோது, நாம் போடும் ஓட்டுக்கு என்ன பெயர்?