வில்லியனூர் தகவல் கிராமத் திட்டம்

புதுச்சேரியின் ஊரகப் பகுதிகளுக்குக் கணினியைக் கொண்டுவந்த முன்னோடி முயற்சி. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆராய்ச்சி மையத்தின் நிதியுதவியுடன் 1998இல் இதைத் தொடங்கியது.

செயல்முறை: வில்லியனூர் தலைமை மையமாக இருந்தது. தொலைபேசி வசதி குறைந்த ஊர்களுக்குக் கம்பியில்லா வானொலி இணைப்பு வழியே தகவல் சென்றது. மின்தடையைச் சமாளிக்கச் சூரிய மின்சாரம் பயன்பட்டது. ஒவ்வொரு மையத்துக்கும் கிராமமே இடம் தந்தது. உள்ளூர்த் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், மையங்களை நடத்தினர். சந்தை விலை, அரசுத் திட்டங்கள், மருத்துவச் செய்திகள் தமிழில் கிடைத்தன. வீராம்பட்டினம் மீனவர்களுக்கு அலை உயர முன்னறிவிப்பு ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது.

ஊடக எதிர்பார்ப்பு: 2000 மே மாதம் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் எம்பலம் கிராமக் கோயிலில் இயங்கிய மையத்தைப் பற்றி எழுதியதும் உலகின் கவனம் திரும்பியது. அக்காலத்தில் கிராமத்தைக் கணினி தலைகீழாக மாற்றிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருந்தது. ஆனால் 2001இல் பெரும் ஆரவாரத்துடன் பேசப்பட்ட சிம்ப்யூட்டர் கையடக்கக் கணினி 2004இல்தான் விற்பனைக்கு வந்தது; எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. 2007க்குள் ஊர்தோறும் அறிவு மையம் என்ற தேசிய இலக்கும் நிறைவேறவில்லை.

மதிப்பீடு: 2004 ஆழிப்பேரலையின்போது நல்லவாடு கிராம மக்களை எச்சரிக்க அங்கிருந்த மையத்தின் ஒலிபெருக்கி உதவியது. மக்களின் தேவையை முதலில் கேட்டறிந்து, பிறகு கருவியைத் தேர்ந்ததே இத்திட்டத்தின் நிலைத்த பங்களிப்பு.