மோட்டார் வாகனக் காப்பீட்டு மோசடி வழக்குகளின் பொதுச் செலவு

மோட்டார் வாகனக் காப்பீட்டு மோசடி என்பது, நடக்காத விபத்தை நடந்ததாகக் காட்டியோ, தொடர்பற்ற வாகனத்தை வழக்கில் சேர்த்தோ, போலி ஆவணங்கள் மூலமோ காப்பீட்டுத் தொகை பெற முயல்வதாகும். இந்தியாவில் இதனைப் புலனாய்ந்து வழக்குத் தொடரும் செலவை முதன்மையாக அரசே ஏற்கிறது.

சட்டப் பின்னணி

மோட்டார் வாகனச் சட்டம், 1988 மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்குகிறது. இழப்பீட்டு மனுக்களை மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் விசாரிக்கிறது. விபத்து நடந்த இடத்திலோ, மனுதாரர் அல்லது எதிர்மனுதாரர் வசிக்கும் இடத்திலோ மனு செய்யலாம். எடுத்துக்காட்டாக, திருவள்ளூர் மாவட்டத்துப் பொதட்டூர்பேட்டையில் வசிப்பவர் ஆந்திரப் பிரதேசத்தின் நகரியில் விபத்துக்குள்ளானால், தமிழ்நாட்டிலேயே இழப்பீடு கோரலாம். பாதிக்கப்பட்டோருக்கு இது பேருதவியாகும். எனினும் ஐயம் எழுந்தால் இரு மாநில ஆவணங்களையும் ஒப்பிட வேண்டியிருக்கும்.

காப்பீட்டு மோசடிக்கெனத் தனிக் குற்றப்பிரிவு இல்லை. ஏமாற்றுதல், பொய் ஆவணம் புனைதல் ஆகிய பொதுப் பிரிவுகளே பயன்படுகின்றன. இவை 2024 சூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் அமைந்துள்ளன.

செலவின் தன்மை

தீர்ப்பாயத்தில் ஒரு நிகழ்வு நடந்திருக்கக்கூடிய வாய்ப்பு மிகுதி எனக் காட்டினால் போதும். குற்றவியல் நீதிமன்றத்திலோ ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டும். எனவே ஒரே நிகழ்வு இருமுறை விசாரிக்கப்படுகிறது. காவல்துறை, அரசு வழக்கறிஞர், அரசு மருத்துவர், தடய அறிவியல் ஆய்வகம் ஆகியோரின் நேரம் இதில் செலவாகிறது. உண்மையாகவே காயமுற்றோரின் மனுக்களும் தாமதமடைகின்றன.

உத்தரப் பிரதேச விசாரணை

2015 அக்டோபர் 7 அன்று அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்கப்பட்டது. 2021 இல் உச்ச நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட விவரப்படி, ஐயத்துக்குரிய 1,376 கோரிக்கைகளில் 246 மட்டுமே விசாரித்து முடிக்கப்பட்டிருந்தன. மறுபுறம், சுமார் 300 கோடி ரூபாய் மதிப்புள்ள 233 கோரிக்கைகள் தள்ளுபடியாயின. வழக்கறிஞர்கள் சிலர் மீதும் குற்றம் சாட்டப்பட்டது.

பொதுமக்கள் மீதான சுமை

மோசடியைத் தண்டிக்காமல் விடுவதும் செலவே. 2019-20 முதல் 2021-22 வரை நடுவண் அரசு மூன்று பொதுத்துறைப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களுக்கு 17,450 கோடி ரூபாய் மூலதனம் அளித்தது. அவற்றின் நட்டத்திற்கு மோசடி மட்டுமே காரணமன்று. ஆயினும் பொய்க் கோரிக்கைக்குச் செல்லும் தொகை, இறுதியில் வரி செலுத்துவோரையும் காப்பீட்டுக் கட்டணம் செலுத்துவோரையும் சேர்கிறது.

பிற நாடுகள்

இலண்டன் மாநகரக் காவல்துறையில் 2012 இல் தொடங்கப்பட்ட காப்பீட்டு மோசடித் தடுப்புப் பிரிவுக்கு காப்பீட்டு நிறுவனங்களே நிதியளிக்கின்றன. இம்முறை அரசின் புலனாய்வுச் செலவைக் குறைக்கிறது; நீதிமன்றச் செலவு பொதுநிதியிலேயே நீடிக்கிறது.

தடுப்பு முறைகள்

2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள விதிகளின்படி, காவல்துறை முதல் விபத்து அறிக்கையை 48 மணி நேரத்திலும், விரிவான அறிக்கையை 90 நாட்களிலும் தீர்ப்பாயத்திற்கு அளிக்க வேண்டும். வாகன எண்ணும் ஓட்டுநர் பெயரும் தொடக்கத்திலேயே பதிவாவதால், பின்னர் வேறொரு வாகனத்தை வழக்கில் சேர்ப்பது கடினமாகிறது.