கல்லாய் மாறும் கலவை

நாம் குடியிருக்கும் இல்லங்களின் தளமும், நம் பிள்ளைகள் பயிலும் பள்ளிகளின் தூண்களும் கான்கிரீட்டால் ஆனவை. இதனை அண்மைக் காலக் கண்டுபிடிப்பு என்றே நம்மில் பலர் எண்ணுகின்றோம். உண்மை அதுவன்று. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ரோமானியர் இதனைக் கையாண்டுள்ளனர்.

ரோமானியரின் கலவை

இத்தாலியின் நேப்பிள்ஸ் நகருக்கு அருகில் புட்சுவோலி என்னும் ஊர் உள்ளது. அங்குக் கிடைத்த எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்புடன் கலந்து, கற்துண்டுகளையும் சேர்த்து அவர்கள் கட்டினர். வெறும் சுண்ணாம்புக் காரை இறுகக் காற்று வேண்டும். இக்கலவையோ நீருக்கடியிலும் இறுகிற்று. பாலஸ்தீனக் கடற்கரையில் ஏரோது மன்னன் அமைத்த செசரியா துறைமுகத்திற்கு இச்சாம்பல் இத்தாலியிலிருந்தே கப்பலில் சென்றது.

ஹாட்ரியன் பேரரசனின் ஆட்சியில், கி.பி. 126 அளவில் ரோமில் நிறைவுற்ற பாந்தியன் கட்டடத்தின் குவிமாடம் 43 மீட்டர் விட்டமுடையது. கம்பியில்லாக் கான்கிரீட் குவிமாடங்களுள் இன்றளவும் அதுவே பெரியது. அடியில் கனமான கற்களையும் உச்சியில் இலேசான நுரைக்கல்லையும் இட்டு எடையைக் குறைத்திருந்தனர்.

மறைந்ததும் மீண்டதும்

ரோமப் பேரரசு வீழ்ந்தபின் ஐரோப்பாவில் இக்கலை பெரிதும் மங்கிற்று. 1750-களில் இங்கிலாந்தின் எடிஸ்டோன் கலங்கரை விளக்கத்தைக் கட்ட முனைந்த ஜான் ஸ்மீட்டன், களிமண் கலந்த சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் கிடைக்கும் சுண்ணாம்பு நீரிலும் இறுகும் எனக் கண்டார். 1824-இல் ஜோசப் ஆஸ்ப்டின் என்னும் கொத்தனார் போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றார். போர்ட்லண்ட் தீவின் கல்லை ஒத்திருந்ததால் அப்பெயர் வந்தது. 1867-இல் பிரான்சின் தோட்டக்காரர் ஜோசப் மோனியே, இரும்புக் கம்பி வலை பொதிந்த சிமெண்டுத் தொட்டிகளுக்குக் காப்புரிமை பெற்றார். இரும்பும் சிமெண்டும் இணைந்த இம்முறையே பின்னர் பாலங்களையும் அடுக்குமாடிகளையும் எழுப்பியது. நம் நாட்டில் சிமெண்ட் தயாரிக்கும் முயற்சி 1904-இல் சென்னையில் நடைபெற்றது.

இரும்பு தந்ததும் எடுத்துக்கொண்டதும்

கான்கிரீட் அழுத்தும் பாரத்தை நன்கு தாங்கும். ஆனால் இழுவிசைக்கு எளிதில் விரிசல் காணும். அக்குறையைக் கம்பி நீக்குகிறது. சிமெண்டின் காரத்தன்மை கம்பியைத் துருவினின்றும் காக்கிறது. உப்பும் காற்றின் கரியமில வாயுவும் உட்புகுந்தால் அக்காப்பு அழிகிறது. துரு, இரும்பைவிட அதிக இடம் கொள்வதால், கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கிறது. ரோமானியரின் குவிமாடத்தில் கம்பி இல்லை. ஆகவே அதற்கு இக்கேடும் இல்லை.

கழுவாத கடல் மணலைக் கலப்பதும், கம்பியின் மேல் போதிய கனமின்றிப் பூசுவதும், கலவை இளகக் கூடுதலாகத் தண்ணீர் ஊற்றுவதும், தளம் போட்டபின் குறைந்தது ஏழு நாட்கள் ஈரம் காக்கத் தவறுவதும் கட்டடத்தின் ஆயுளைக் குறைப்பவை. பூசி மறைத்தபின் இக்குறைகள் எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை. ஆண்டுகள் பல கடந்து, கட்டியவர் இல்லாத நாளில், குடியிருப்போர் தலைமேல் அவை வெளிப்படுகின்றன. ஆதலின் கட்டுவோரும் கட்டுவிப்போரும் கண்ணுக்குத் தெரியாத அவ்வேலையை ஓர் அமானிதமாகக் கருதுவதே இவ்வரலாறு நமக்குத் தரும் படிப்பினையாகும்.