தோட்ட மருத்துவமனையிலிருந்து மார்பகப் பரிசோதனை வரை: உலு திராம் வட்டாரத்தை முன்வைத்துச் சில வரலாற்றுக் குறிப்புகள்

ஜொகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கிக்குச் செல்லும் சாலையில் அமைந்துள்ள உலு திராம், ஒரு காலத்தில் பால்மரத் தோட்டங்களும் பின்னர்ச் செம்பனைத் தோட்டங்களும் சூழ்ந்திருந்த ஊராகும். இன்று அத்தோட்டங்களுள் பெரும்பகுதி தேசா செமர்லாங், புத்ரி வங்சா போன்ற வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டது. மலாயாத் தமிழர் வரலாற்றை எழுதியோர் கூலி, கள்ளுக்கடை, வேலைநிறுத்தம், தமிழ்ப்பள்ளி ஆகியவற்றை விரிவாக ஆராய்ந்துள்ளனர். தோட்டத்துப் பெண்ணின் உடல்நலம் அவ்வாய்வுகளில் பெரும்பாலும் மகப்பேற்றோடு நின்றுவிடுகிறது. மகப்பேற்றுக் காலத்தைக் கடந்த பெண்ணை மருத்துவம் எவ்வாறு நோக்கியது என்னும் வினாவை மார்பகப் புற்றுநோயை அடிப்படையாகக் கொண்டு இக்கட்டுரை எழுப்ப முற்படுகிறது.

தோட்ட மருத்துவம் இரக்கத்தால் மட்டும் உருவானதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலேரியாவால் தொழிலாளர் பெருந்தொகையினராய் மாண்டபோது உற்பத்தி பாதிக்கப்பட்டது. 1901இல் கிள்ளானில் மால்கம் வாட்சன் தொடங்கிய கொசு ஒழிப்புப் பணிகளின் பின்னணி இதுவே. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத்தொகுப்பு கூட்டு மலாய் மாநிலங்களின் தோட்ட நிருவாகங்கள்மீது மருத்துவ வசதி குறித்த கடமைகளைச் சுமத்தியது. கூட்டமைப்பில் சேராத மாநிலமாகிய ஜொகூரும் தன் சட்டத்தை ஏறத்தாழ அதே போக்கில் அமைத்துக்கொண்டது. டிரசர், மருத்துவச்சி, ஆயாக்கொட்டகை ஆகியன இவ்வாறே தோட்ட வாழ்வின் உறுப்புகளாயின.

இவ்வமைப்பில் நோய் என்பது எவ்வாறு அறியப்பட்டது என்பதே இங்கு முதன்மையானது. விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடப்படும்போது வர இயலாதவரே நோயாளி. காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் புண்ணும் அவ்வாறு வெளிப்பட்டன. மார்பகத்தில் தோன்றும் கட்டியோ பெரும்பாலும் தொடக்கத்தில் வலிப்பதில்லை. அக்கட்டியோடு ஒரு பெண் மரம் வெட்டலாம், பால் தூக்கலாம், வீட்டில் சமைக்கலாம். கட்டி புண்ணாகி வேலையைத் தடுக்கும் வரை பெரட்டு அதனை அறியாது. அறியும் கட்டத்திலோ நோய் முற்றியிருக்கும். வேலைக்கு வர இயன்றவர் நலமுடையவர் என்னும் எண்ணத்தைத் தோட்டம் மூன்று தலைமுறைகளுக்குக் கற்பித்தது எனலாம். நோயில்லாதபோதே மருத்துவரிடம் செல்க எனக் கூறும் பரிசோதனைக் கொள்கை இவ்வெண்ணத்திற்கு நேர் எதிரானது.

தமிழகத்தில் இக்கொள்கைக்கு வித்திட்டவர் மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி (1886–1968). தம் தங்கையின் புற்றுநோய் காலத்தில் கண்டறியப்படாமல் அவர் இறந்ததைக் கண்ட துயரமே பின்னாளில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக உருப்பெற்றது. 1952இல் நேரு அடிக்கல் நாட்ட, 1954இல் 12 படுக்கைகளுடன் அது தொடங்கியது. 1955இல் அங்குப் பணியேற்ற மருத்துவர் வி. சாந்தா 2021இல் மறையும் வரை முன்கூட்டியே கண்டறிதலை வலியுறுத்தினார். முதற்கட்டத்தில் காணப்படும் புற்றுநோய் பெரும்பாலும் குணமாக்கத்தக்கது என்பதை மக்களிடம் கொண்டுசெல்வதே அந்நிறுவனத்தின் நெடும்போராட்டமாக இருந்தது. புற்று என்றதும் அழிவையே நினைக்கும் நம் சொல்வழக்கும் அதற்குத் தடைதான்.

உலகளவில் முறையான சான்று 1963இல் நியூயார்க்கில் தொடங்கிய ஆய்விலிருந்து கிடைத்தது. ஏறத்தாழ 62,000 பெண்களை இரு பிரிவுகளாக்கி நிகழ்த்திய அவ்வாய்வு, மேமோகிராம் என்னும் மார்பக ஊடுகதிர்ப் படமும் மருத்துவரின் கைப்பரிசோதனையும் இணைந்து இறப்பைக் குறைத்தமையைக் காட்டியது. மாறாக, ஷாங்காய் நகரின் ஆலைகளில் பணியாற்றிய இரண்டரை இலட்சத்திற்கும் மேற்பட்ட பெண்களுக்குச் சுயபரிசோதனை கற்பித்த ஆய்வு இறப்பு குறையவில்லை என 2002இல் அறிவித்தது. நமக்கு மிக நெருக்கமானது மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையின் ஆய்வு. 1998இல் தொடங்கிய அதில் 1,51,538 குடிசைப்பகுதிப் பெண்கள் சேர்க்கப்பட்டனர். பயிற்சி பெற்ற மகளிர் சுகாதாரப் பணியாளர்கள் ஈராண்டுக்கு ஒருமுறை கைப்பரிசோதனை செய்தனர். 2021இல் வெளியான முடிவின்படி, அனைத்து வயதினரையும் ஒருங்கே நோக்கும்போது இறப்பில் உறுதியான வேறுபாடு புலப்படவில்லை எனினும் நோய் முன்னதாகவே கண்டறியப்பட்டது. ஐம்பது வயதைக் கடந்தோரிடம் இறப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. விலையுயர்ந்த கருவி இல்லாமலே இவ்வளவு இயலுமாயின், டிரசரும் மருத்துவச்சியும் இருந்த தோட்டங்களில் இது நிகழாமற்போனது வருந்தத்தக்கது. வசதி முற்றிலும் இல்லாமலில்லை, வினாதான் எழவில்லை.

மலேசியச் சுகாதார அமைச்சு 1995ஆம் ஆண்டின் நல்வாழ்வு இயக்கத்தில் புற்றுநோயைக் கருப்பொருளாக்கியது. 2007இல் தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியம் மேமோகிராம் கட்டண உதவியைத் தொடங்கியது. 2013இல் சொக்சோ தன் சந்தாதாரர்களுக்குப் பரிசோதனைப் பற்றுச்சீட்டு வழங்கியது. எனினும் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி, 2007–2011 காலப்பகுதியில் மார்பகப் புற்றுநோயாளிகளுள் 43 விழுக்காட்டினர் மூன்றாம், நான்காம் கட்டங்களில் கண்டறியப்பட்டனர். 2012–2016இல் இது ஏறத்தாழ 48 விழுக்காடாக உயர்ந்தது. ஐம்பது முதல் எழுபத்து நான்கு வயதினர் ஈராண்டுக்கு ஒருமுறை மேமோகிராம் எடுக்கலாம் என்பது 2010ஆம் ஆண்டின் மருத்துவ வழிகாட்டி. குடும்பத்தில் நோய் வரலாறு உடையோர் முன்னதாகவே மருத்துவரை நாட வேண்டும். கட்டி, முலைக்காம்பில் இரத்தக்கசிவு, தோல் சுருக்கம் ஆகியவற்றைக் கண்டால் வயது பாராமல் உடனே செல்ல வேண்டும்.

உலு திராம் மருத்துவ வசதியற்ற ஊரன்று. 1941இல் திறக்கப்பட்ட சுல்தானா அமினா மருத்துவமனையும், 2004இல் செயற்படத் தொடங்கிய, புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவுடைய சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனையும் ஜொகூர் பாருவிலேயே உள்ளன. ஜொகூர் நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூர் 2002 முதல் உரிய வயதுடைய பெண்களுக்கு அழைப்புக் கடிதம் அனுப்பிப் பரிசோதிக்கிறது. மலேசியாவில் அத்தகைய அழைப்புமுறை நாடளாவிய நிலையில் இல்லை. பெண் தானே முன்வர வேண்டும். தோட்டம் துண்டாடப்பட்டபோது டிரசரும் மருத்துவச்சியும் மறைந்தனர்; வீடமைப்புப் பகுதிக்குக் குடிபெயர்ந்த பெண்ணின் பெயரை இன்று எந்தப் பெரட்டும் கூப்பிடுவதில்லை. வேலைக்குச் செல்ல முடிகிறதா என்று தன்னையே கேட்டுக்கொள்ளும் பழக்கம் மட்டும் அவளோடு வந்திருக்கிறது.