ராஜா தேசிங்கு
செஞ்சிக் கோட்டையின் கதைப்பாடலை ஆதாரமாகக் கொண்டு 1960-ஆம் ஆண்டு வெளிவந்த தமிழ்த் திரைப்படம், இயக்கியவர் டி. ஆர். ரகுநாத். எம். ஜி. இராமச்சந்திரன், பி. பானுமதி, பத்மினி, எஸ். எஸ். இராஜேந்திரன் முதலியோர் நடித்தனர்.

ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகானின் பெருஞ்சேனையை எதிர்த்து 1714-இல் போர்க்களத்தில் மாண்ட தேசிங்கு என வழங்கப்பட்ட இளம் ராஜபுத்திரன் தேஜ்சிங்கின் சரித்திரம், நாட்டுப்புறப் பாடகர்களின் நாவில் வளர்ந்து, அடங்காக் குதிரையை அடக்கிய அற்புதமும், மணக்கோலத்தைத் துறந்து நண்பன் தேசிங்குக்காகப் போர்புகுந்த மோவுத்துக்காரனின் தியாகமும், உடன்கட்டை ஏறிய ராணியின் துயரமும் செறிந்த சோககாவியமாயிற்று. அதிலிருந்து கிளைத்த இத்திரைப்படம், தேசிங்குக்குத் தாவுத்கான் என்னும் சகோதரனைக் கற்பித்து, இருவரையும் ஒரே நடிகரின் இரட்டை வேடத்தில் நிறுத்திற்று. பாமரர் போற்றிய கதை இவ்வாறு புதுப்புது ரூபம் கொள்வது, அதன் ஜீவசக்திக்குச் சிறந்த பிரமாணமாகும்.